இரண்டு கரண்டி ஈரல்

சனிக்கிழமை காலை கிளப் செயலாளரும் டாக்டரும் சமையலறைக்குள் நுழைந்தபோது அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷத்தில் செயலாளர் அந்த அறைக்குள் காலடி வைத்தது இதோடு மூன்றாவது தடவை. முதல் தடவை எலித்தொல்லையைப் பார்க்க ஆட்களோடு வந்தார். இரண்டாவது தடவை கோப்பை ஜெயித்த வருஷம், சூப்புப் பானைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வந்தார். இப்போது கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ஒரு தாள். கழுவிவிட்ட தரையில் ஷூ நனையக்கூடாது என்று கோழி சேற்றில் நடப்பதுபோல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தார். டாக்டர் சின்ன வயசுக்காரர், ரப்பர் ஷூ போட்டிருந்தார்.

அக்கா என்பது அங்கே அவளுக்கு உறவுமுறை இல்லை, உத்தியோகப் பெயர். அந்தக் கால்பந்துக் கிளப்பின் சமையல்காரி அவள். இருபத்தாறு ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், புல் வெட்டுகிறவர், வாசல் காவலாளி என்று எல்லோருக்கும் அக்கா. அவளைவிட எட்டு வயது மூத்த செயலாளருக்கும் அக்கா. நிஜமாகவே கூடப்பிறந்த தம்பி என்று அவளுக்கு அங்கே இருந்தவன் ஒருவன்தான். வலது ஓரத்தில் ஓடுகிறவன். மைதானத்துக்கு வருகிறவர்கள் அவனுக்குப் புயல் என்று பெயர் வைத்திருந்தார்கள். இப்போது வேறு பெயர்கள் வைத்திருக்கிறார்கள்.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை ஆட்டம் முடிந்ததும் ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள் வந்து இரண்டு பேரிடம் சிறுநீர் வாங்கிக்கொண்டு போனார்கள். அதில் புயலும் ஒருவன். இருபத்திரண்டாம் நாள் கடிதம் வந்தது. மாட்டைக் கொழுக்க வைக்கப் போடுகிற ஒரு மருந்து அவன் சிறுநீரில் இருந்ததாம். கடுகளவுதான், ஆனாலும் இருந்ததாம். விசாரணை முடிகிறவரை பந்தைத் தொடக்கூடாது, மைதானத்துக்குள் வரக்கூடாது. விசாரணையில் சரியான பதில் சொல்ல முடியவில்லை என்றால் நான்கு வருஷத் தடை. அவனுக்கு இப்போது இருபத்தெட்டு வயது. நான்கு வருஷம் கழித்து அவனை எந்தக் கிளப் சீந்தப்போகிறது?

தெரு ஒரே நாளில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. முடிவெட்டுகிறவர் கடையில் கண்ணாடிக்கு மேலே தம்பியின் படம் மாட்டியிருந்தார். கடிதம் வந்த செய்தி பரவிய மறுநாள் அதைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டார். கழற்றவில்லை. விசாரணை சாதகமாக முடிந்தால் திருப்பிக்கொள்ளலாம் இல்லையா? எதிர்வீட்டு அம்மாள், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட் வேண்டும் என்று பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றவள், இப்போது ரொட்டிக்கடை வரிசையில் அக்காவுக்குப் பின்னால் இரண்டு ஆள் இடைவெளி விட்டு நின்றாள். ஊக்கமருந்து காற்றில் பரவும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நேரில் வந்து, "உன் தம்பி எடுத்தானா?" என்று கேட்கிற துணிச்சல் அவர்களில் ஒருவருக்கும் இல்லை.

அக்கா கேட்டாள். கடிதம் வந்த அன்றே, மாடிப்படியில் வைத்து, ஒரே ஒரு தடவை.

"எடுத்தியாடா?"

"இல்லக்கா."

அவ்வளவுதான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. அவன் ஃபிளாட் வாசலில் நிருபர்கள் கூட்டம் நின்றதால் தன் வீட்டு மாடியறையைக் காலி செய்து கொடுத்தாள். ரொட்டிக்கடையில் திரும்பி நின்று எதிர்வீட்டு அம்மாளை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டாள். தம்பிமேல் இருந்த நம்பிக்கை அவளுக்கு முதுகெலும்பு மாதிரி, அதை நிமிர்த்தி வைத்துக்கொண்டுதான் அந்த மூன்று வாரமும் தெருவில் நடந்தாள்.

"அக்கா, ஒரு சின்ன உதவி" என்றார் செயலாளர்.

பெரிய உதவி கேட்கிறவர்கள்தான் இப்படி ஆரம்பிப்பார்கள். அக்கா கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"திங்கட்கிழமை விசாரணை. நம்ம தம்பியைக் காப்பாத்தறதுக்கு வக்கீல் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கார். நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும்."

கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிப் படித்தாள். அவள் படிப்பு நிதானமான படிப்பு. சோதனைக்கு முந்தின நாள் புதன்கிழமை ஒப்பந்தக் கடையிலிருந்து கறி வரத் தாமதமானதால் சந்தையில் உள்ள சில்லறைக் கடையில் ஈரல் வாங்கிச் சமைத்தேன் என்று எழுதியிருந்தது. யாரிடமும் அனுமதி வாங்கவில்லை என்றும் எழுதியிருந்தது. கடைசி வரி: மேற்படி ஆட்டக்காரர் அன்று மதியம் அந்த ஈரலில் இரண்டு கரண்டி சாப்பிட்டார்.

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள்.

"அன்னைக்கு கறி தாமதமா வரலியே. எட்டு மணிக்கே வந்துச்சு."

"அது ஒரு பேச்சுக்கு அக்கா."

டாக்டர் பாடம் நடத்துகிற குரலில் ஆரம்பித்தார். "அந்த மருந்து மாட்டோட ஈரல்லதான் அதிகமா தங்கும். கறி வழியா வந்துச்சுன்னு காட்டிட்டா, தெரியாம நடந்ததுன்னு ஆயிடும். நாலு வருஷம் நாலு மாசமா குறையும். தடையே இல்லாமலும் போகலாம்."

"மத்தவங்களும் அதே சட்டியிலதானே சாப்பிட்டாங்க?"

"அவங்களை யாரும் சோதிக்கலியே."

"ரெண்டு பேரைச் சோதிச்சாங்களே."

"இன்னொருத்தர் கோல்கீப்பர். அவர் அந்தப் புதன்கிழமை பல் டாக்டர்கிட்ட போயிருந்தார். மதியம் இங்க சாப்பிடல."

"பல்வலியைக்கூட விட்டுவைக்கல நீங்க" என்றாள் அக்கா.

டாக்டர் சிரித்தார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்போலும்.

சமைக்கிற ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி எடுத்து, மூடி போட்ட டப்பாவில் தேதி எழுதி, ஐஸ்பெட்டியில் வைப்பது அந்தச் சமையலறை வழக்கம். பத்து நாள் வைத்திருந்து கொட்டிவிட வேண்டும். யாருக்காவது வயிறு கெட்டால் சோதித்துப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. "அந்த ஈரல் டப்பா இருந்திருந்தா அதைச் சோதிச்சுப் பார்த்திருக்கலாம்" என்றாள்.

"அதான் இப்ப இல்லையே" என்றார் செயலாளர். அவர் குரலில் இருந்த நிம்மதியை மறைக்கக்கூட அவர் மெனக்கெடவில்லை.

"எனக்கு என்ன ஆகும்?"

"ஒரு கண்டிப்புக் கடிதம் வரும். கொஞ்ச நாள் உங்களை சலவைப் பக்கம் மாத்தி வெக்கணும், வெளியில காட்டறதுக்கு. நீங்க நம்ம குடும்பம் மாதிரி அக்கா."

பதினோரு வருஷமாக அந்தக் குடும்பத்துக்கு அவள் வீட்டு விலாசம் தெரியாது. இப்போது செயலாளர் அதைக் கேட்டு எழுதிக்கொண்டார். நாளை மதியம் தானே காரில் வந்து தாளை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, வந்த மாதிரியே காலைத் தூக்கித் தூக்கி வைத்து வெளியே போனார்.

அக்கா வெங்காயத்தை மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, அதற்குக் காரணம் தேட வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

கறி தாமதம் என்ற பொய்யை அவள் விழுங்கிக்கொண்டிருப்பாள். சலவைப் பக்கம் போவதற்கும் அவள் பயப்படவில்லை. தொண்டையில் சிக்கியது அந்த இரண்டு கரண்டிதான். அவள் தம்பி ஈரல் சாப்பிட மாட்டான்.

அம்மா செத்தபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது, அவனுக்கு ஏழு. அப்பா கிடங்கில் பெட்டி தூக்குகிறவர். கறியில் விலை குறைந்தது ஈரல் என்பதால் அதைத்தான் வாங்கி வருவார். தம்பி ஒரு வாய் வைத்ததும் வாந்தி எடுப்பான். அப்பா அடித்து, தட்டு காலியாகிறவரை எழுந்திருக்கக்கூடாது என்று உட்கார வைத்துவிட்டு வேலைக்குப் போவார். அவர் தலை மறைந்ததும் அக்கா தட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு முட்டை பொரித்துக் கொடுப்பாள். பதினேழு வயதில் அவன் இந்தக் கிளப்பின் இளைஞர் அணியில் சேர்ந்தபோது, பிள்ளைக்கு வாய்க்கு ருசியாக யார் போடுவார்கள் என்று அவளும் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே புதன்கிழமை தவறாமல் ஈரல். ரத்தத்தில் இரும்பு ஏறுமாம், டாக்டர் உத்தரவு.

சமையலறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு விதி ஒட்டியிருந்தது. எல்லோருக்கும் ஒரே சட்டி. ஆட்டக்காரன் எவனுக்கும் தனியாக எதுவும் சமைக்கக்கூடாது. தனியாகச் சமைத்தால் தனியாக எதையாவது கலக்கலாம் இல்லையா, அதற்காக. அந்த விதிக்கு நேர் கீழே, ஒவ்வொரு புதன்கிழமையும், வீட்டிலிருந்து கொண்டுபோன சின்ன வாணலியில் அக்கா இரண்டு முட்டை பொரித்தாள். தம்பி பின்பக்கமாக வந்து, மாவு டிரம்மின் மேல் உட்கார்ந்து தின்றுவிட்டுப் போவான். அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான். அந்த முட்டைக்கு டப்பாவும் இல்லை, தேதியும் இல்லை. இதை வெளியே சொன்னால் மருந்தைக் கலந்தவள் அக்காதான் என்று முடிவு கட்ட யாருக்கும் அரை நிமிஷம் ஆகாது.

ஆக, அந்த இரண்டு கரண்டி பொய் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான். ஒருத்தி அவள். இன்னொருவன், வக்கீலிடம் இரண்டு கரண்டி என்று கணக்காகச் சொன்னவன்.

மழை நான்கு நாளாக விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வேலை முடிந்து அவள் சந்தை வழியாக வீட்டுக்கு நடந்தாள். கூரைத் தகரத்தின் ஓட்டைகளிலிருந்து ஒழுகுகிற இடமெல்லாம் கடைக்காரர்கள் வாளி வைத்திருந்தார்கள். வீட்டுக்குக் கறி வாங்குகிற கடையில் நின்றாள். சந்தையில் சில்லறைக்கு ஈரல் விற்கிறவர் அந்தக் கறிக்கடைக்காரர் ஒருவர்தான். தாளில் அவர் பெயர் இல்லை. பெயர் எதற்கு? இங்கே வந்து பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும்.

"அரைக் கிலோ ஈரல் குடுங்க."

"ஈரலா? உங்க வீட்டுல அது ஓடாதேக்கா."

"நாளைக்கு ஓடும். ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. உங்க ஈரல்ல மருந்து கிருந்து ஏதாவது இருக்குமா?"

கறிக்கடைக்காரர் கத்தியைத் தீட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "இருபது வருஷமா மிச்சம் விழற ஈரலை என் பொண்டாட்டியும் நானும்தான் தின்னுக்கிட்டிருக்கோம். மருந்து இருந்திருந்தா நாங்க ரெண்டு பேரும் இந்நேரம் உங்க கிளப்புல ஆடிக்கிட்டிருப்போம். எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் ஈரலை நிறுத்துக் காகிதத்தில் சுற்றினார்.

"தம்பிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. இந்தச் சந்தையில எவனும் நம்பலன்னாலும் நான் நம்பறேன். அவன் ஓட்டம் மருந்து ஓட்டம் இல்ல. சின்ன வயசுலேருந்து பாத்துக்கிட்டிருக்கேன்."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்காமல் நடந்தாள். ஊரில் ஒரே ஒருவர் நம்புகிறார், அவர் கடைக்குத்தான் பூட்டுப் போடப் பார்க்கிறார்கள். அவளுக்கு அவமானமாக இருந்தது.

வீட்டில் அவள் கணவன் குழாயடியில் உட்கார்ந்து சோப்புத் தூளால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பஸ் பணிமனையில் மெக்கானிக். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கருப்பு போகாது. கால்பந்து என்றால் அவனுக்கு இளக்காரம். மச்சினன் ஆடுகிற ஆட்டத்தைக்கூட இடைவேளை வரைதான் பார்ப்பான். அக்கா நடந்ததை முழுக்கச் சொன்னாள். அவன் கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"ஈரலே தின்னாதவன் ரெண்டு கரண்டி தின்னேன்னு எதுக்குச் சொல்றான்?"

"வக்கீல் சொல்லச் சொல்லியிருப்பார்."

"வக்கீல் சொல்லுவார். அது அவர் பொழப்பு. இவன் தலையாட்டினான் பாரு, அதைச் சொல்றேன்." நகத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டான். "பணிமனைக்கு ஒரு வண்டி வருதுன்னு வெச்சுக்க. கோளாறு இல்லாத வண்டின்னா டிரைவர் பானட்டைத் திறந்து விட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவான். எவன் பானட் மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டு கதை சொல்றானோ, அந்த வண்டியைத்தான் நாங்க முதல்ல பிரிப்போம்."

"உங்களுக்கு அவனை ஆரம்பத்துலேருந்தே பிடிக்காது."

"பிடிக்காதுன்னு யார் சொன்னா? அவனை இப்படிக் கும்பிடறவங்களைத்தான் எனக்குப் பிடிக்காது. அதுல நீதான் முதல் வரிசை."

அக்கா உள்ளே போய் ஈரலை உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டாள். மாடியில் தம்பி நடக்கிற சத்தம் கேட்டது. மூன்று வாரமாக அவனுக்கு ஓட இடமில்லை, அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மழை வலுத்தது. காயாத துணிகள் கூடத்தில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. அக்கா வெங்காயத்தை நிறம் மாற வதக்கி, ஈரலைப் போட்டு, மிளகுத்தூள் தூவிப் பிரட்டினாள். ஈரல் வேகிற வாசனைக்கு எங்கேயும் ஒளிய முடியாது, அது மாடிப்படி ஏறிப் போய்க் கூப்பிட்டதுபோல் தம்பி இறங்கி வந்தான். நல்ல உயரம், கால் இரண்டும் மரக்கட்டை மாதிரி. முகம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது.

"என்னக்கா, ஈரலா?"

"உக்காரு."

மேஜையில் அவனுக்கு முன்னால் தட்டை வைத்து இரண்டு கரண்டி ஈரலைப் போட்டாள். பக்கத்தில் ரொட்டி வைத்தாள். தட்டுக்கு அந்தப் பக்கம் செயலாளரின் தாளை விரித்து வைத்தாள். கணவன் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எழுந்து போகிறவன் மாதிரி தெரியவில்லை.

"இதை நீ படிச்சியா?"

தம்பி தாளைப் பார்த்தான். "படிச்சேன்."

"ரெண்டு கரண்டின்னு யார் சொன்னது?"

"ஒரு அளவு வேணும்னு வக்கீல் கேட்டார்."

"நீ அன்னைக்கு என்ன சாப்பிட்ட?"

அவன் ரொட்டியைக் கையில் எடுத்தான்.

"டிரம் மேல உக்காந்து என்னடா சாப்பிட்ட?"

"முட்டை."

"அப்ப அந்த மருந்து உன் உடம்புக்குள்ள எப்படி வந்துச்சு? என் முட்டையிலயா?"

"சத்தம் போடாதக்கா."

"நான் சத்தம் போடல. கேக்கறேன்."

தம்பி ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளி மேஜைமேல் போட்டான். பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "டாக்டர் குடுத்தார். தொடையில சதை பிடிச்சுக்கிச்சே, அப்ப. விட்டமின்னு சொன்னார். ஒரு பாட்டில், மேல பேர் ஒட்டல."

"நம்பினியா?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா தெரிஞ்சுபோயிடும்னுதான் கேக்கல."

ஜன்னலோரத்திலிருந்து கணவன் மூக்கால் ஒரு சத்தம் விட்டான். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் அடங்கினான்.

"இதைத்தான்டா திங்கட்கிழமை போய்ச் சொல்லணும்" என்றாள். "டாக்டர் குடுத்தார், வாங்கித் தின்னேன்னு."

"சொன்னா? தடை எப்படியும் உண்டு. கிளப்பும் போச்சு. டாக்டரைக் காட்டிக் குடுத்தவனை அப்புறம் எந்த கிளப் எடுக்கும்? நீ இந்தக் கையெழுத்தை மட்டும் போடுக்கா. நாலு மாசம், திரும்பி வந்துடுவேன். உன்னை சலவையிலேருந்து மறுபடி சமையலுக்கே கொண்டுவரச் சொல்றேன்."

"கறிக்கடைக்காரர்?"

"அவருக்கு என்ன, நாலு நாள் பேசுவாங்க, மறந்துடுவாங்க."

இந்த அலட்சியத்தை அவள் நேற்று செயலாளரிடம் பார்த்திருந்தாள். அதே குரல், அதே தோள் குலுக்கல். வாய்க்கு ருசியாகப் போட்டு வளர்த்தது இதற்குத்தானா என்று இருந்தது. ஆனாலும் அவளுக்கு ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. பயத்தில் பேசுகிறான், உள்ளே இருப்பது அந்த ஏழு வயதுப் பிள்ளைதான், முதல் வாயிலேயே குமட்டும், தட்டைத் தள்ளுவான், அழுவான், பிறகு வழிக்கு வந்துவிடுவான். அதற்காகத்தான் அவள் அரைக் கிலோ ஈரல் வாங்கியிருந்தாள்.

"சரி" என்றாள். "இதுல ரெண்டு கரண்டின்னு போட்டிருக்கு. தட்டுல ரெண்டு கரண்டி இருக்கு. என் கண்ணு முன்னாடி இதைச் சாப்பிடு. சாப்பிட்டா கையெழுத்து போடறேன்."

"நிஜமாவா?"

"நான் எப்ப பேச்சு மாறினேன்?"

தம்பி ரொட்டியைப் பிய்த்தான். ஈரல் துண்டு ஒன்றை அதில் வைத்து வாயில் போட்டான். மென்றான். அக்கா தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் விழுங்கினான். இரண்டாவது துண்டை எடுத்தான், மூன்றாவது எடுத்தான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. வெங்காயத்தை அள்ளி ஈரலோடு சேர்த்து வைத்துத் தின்றான், அது பழகினவன் தின்கிற விதம். கடைசியில் தட்டில் ஒட்டியிருந்த எண்ணெயை ரொட்டியால் வழித்து வாயில் போட்டுக்கொண்டான்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றான்.

டம்ளரை அக்கா மேஜைமேல் வைத்தாள்.

"எப்பலேருந்து?"

"என்னது?"

"ஈரல் எப்பலேருந்து சாப்பிடற?"

"ரொம்ப வருஷமாச்சுக்கா. வெளியூர் ஆட்டத்துக்குப் போனா ஓட்டல்ல வெப்பாங்க. பசங்க எல்லாம் சாப்பிடுவாங்க, நானும் சாப்பிட ஆரம்பிச்சேன்."

"அப்ப புதன்கிழமை முட்டை?"

"நீ பொரிச்சு வெச்சிருப்ப. சாப்பிடுவேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "நல்லாத்தான் இருக்கும். வேண்டாம்னு சொன்னா நீ வருத்தப்படுவ."

அவன் அதைப் பாசமாகத்தான் சொன்னான். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. பத்து வருஷத்துக்கு மேலாக, சுவரில் ஒட்டிய விதிக்கு நேர் கீழே, யார் பார்த்துவிடுவார்களோ என்று வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு அவள் வாணலி வைத்திருக்கிறாள். அவன் டிரம்மின் மேல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து, அவள் பயத்தையும் சேர்த்துத் தின்றிருக்கிறான். தம்பியை உள்ளங்கை மாதிரித் தெரியும் என்று ஊரோடு சண்டை போட்ட தன்மேல்தான் அவளுக்கு முதலில் இளக்காரம் வந்தது. அவன்மேல் அதற்கு அப்புறம்தான் வந்தது.

வாசலில் கார் ஹாரன் கேட்டது. செயலாளர் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார், தொங்குகிற துணிகளுக்குக் கீழே குனிந்து.

"மழை பாருங்க அக்கா, விடவே மாட்டேங்குது. தாள் ஆயிடுச்சா?"

"பேனா குடுங்க" என்றாள்.

செயலாளர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். அக்கா தாளைத் திருப்பி, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். அவள் எழுத்தும் நிதானமான எழுத்து. செயலாளர் கைக்கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினாள். அவர் படித்தார்.

முன்பக்கத்தில் இருப்பது பொய். அன்று கறி எட்டு மணிக்கே வந்தது, ஒப்பந்தக் கடைக் கறிதான். சந்தையில் எதுவும் வாங்கவில்லை. என் தம்பி அன்று ஈரல் சாப்பிடவில்லை. விதியை மீறி அவனுக்குத் தனியாக இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்தேன், அது என் தப்பு. அவன் ஈரல் சாப்பிட்டதை நான் இன்றுதான் பார்த்தேன், இந்தக் கையெழுத்துக்காகச் சாப்பிட்டான். மருந்து எப்படி வந்தது என்று எனக்கு நேரில் தெரியாது. டாக்டரையும் என் தம்பியையும் கேளுங்கள்.

செயலாளரின் முகம் போன போக்கைப் பார்க்க அக்காவுக்கு ஆசையாக இருந்தது, பார்த்தாள். அவர் தாளைத் தம்பியிடம் கொடுத்தார். அவன் படித்துவிட்டு எழுந்து நின்றான்.

"சாப்பிட்டா கையெழுத்து போடறேன்னு சொன்ன."

"போட்டிருக்கேனே."

"அக்கா, இது முதல்ல உங்களைத்தான் கொண்டுபோகும்" என்றார் செயலாளர். "தனிச் சமையல்னு தெரிஞ்சா, நீங்கதான் கலந்து குடுத்தீங்கன்னு சொல்லிடுவாங்க."

"சொல்லட்டும்."

"இதைக் கிழிச்சுப் போட எனக்கு ரொம்ப நேரம் ஆகாது."

"கிழிங்க. நாளைக்கு நானே அங்க வந்து வாயால சொல்றேன். எழுதினா ஒரு பக்கத்தோட முடிஞ்சுபோகும். பேச ஆரம்பிச்சா எலியிலேருந்து எல்லாம் வரும்."

செயலாளர் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். என்ன செய்யப்போகிறார் என்று சொல்லவில்லை. குடையை மறந்துவிட்டுப் போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. தம்பி நாற்காலியை மேஜைக்குள் தள்ளினான். மாடிக்கு ஏறிப் போனான். கொஞ்ச நேரம் நடக்கிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

கணவன் எழுந்து வந்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்தான். இளக்காரமாக ஏதாவது சொல்லுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் எண்ணெய் வழித்த தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் கழுவி வைத்தான்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் மழை விட்டது. தம்பி படியில் பாதிவரை இறங்கி வந்து நின்றான். கண் வீங்கியிருந்தது. பை கையில் இல்லை, எங்கேயும் கிளம்பவில்லை. போகவும் அவனுக்கு வேறு இடமில்லை.

"சாப்பிட என்னக்கா இருக்கு?" என்றான்.

அக்கா அடுப்பைப் பற்ற வைத்தாள். சின்ன வாணலி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"மதியம் வெச்ச ஈரல் மிச்சம் இருக்கு" என்றாள். "எல்லாருக்கும் அதான். ஒரே சட்டி."